கூரையில் பஞ்சு வைக்கும் முன்: கோலாலம்பூர், பினாங்கு வீடுகளுக்கான முழு வழிகாட்டி

மாடி வைத்த தேரஸ் வீட்டில், அதாவது சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீட்டில், இருப்பவர்களுக்கு இது புதிதில்லை. இரவு ஒன்பது மணிக்கு மேல்மாடி அறைக்குப் போனால் காற்றாடி சுற்றிக்கொண்டுதான் இருக்கும்; கீழே இறங்குவது சூட்டுக் காற்று. பகலெல்லாம் வெயில் குடித்த ஓடு, இரவில் அதைச் சிலிங் வழியாக நம் தலையில் கொட்டுகிறது. கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு 3 பாகை வடக்கே இருக்கிறது, பினாங்கு 5 பாகைக்குச் சற்று மேலே. ஆண்டு முழுக்க உச்சி வெயில்தான். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய வழிகாட்டிகள் சுவரிலிருந்து தொடங்கும். நமக்குச் சுவர் அப்புறம், முதலில் கூரை.

“கூரையில் பஞ்சு வைக்க அனுமதி வேண்டுமா?” என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். பஞ்சை, அதாவது கூரைச் சூட்டைத் தடுக்க விரிக்கும் பொருளை, வைத்துப் பார்த்தால் பதில் கிடைக்காது. அதை வைப்பதற்காக எதை அசைக்கிறீர்கள் என்று பாருங்கள். கூரையையா, சிலிங்கையா, ஜன்னலையா, அடுத்த வீட்டோடு சேர்ந்த சுவரையா? அனுமதி அதற்குத்தான். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மீதி எல்லாம் வரிசைப்படி வந்துவிடும்.

படி 1: உங்கள் மன்றம் எது?

இதென்ன கேள்வி என்று தோன்றும். ஆனால் நாம் பேச்சுவாக்கில் “கேஎல்” என்று சொல்லும் இடங்களில் பாதி கேஎல் இல்லை. செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், ஜாலான் ஈப்போவின் பெரும்பகுதி கோலாலம்பூர் மாநகர் மன்றத்தைச் சேர்ந்தவை, அதாவது டிபிகேஎல். பத்துமலைக்குப் போனால் அது செலாயாங் நகராண்மைக் கழகம். பெட்டாலிங் ஜெயாவுக்குத் தனி மன்றம், அம்பாங் ஜெயாவுக்குத் தனி மன்றம். மூன்றும் சிலாங்கூர் மாநிலம். பினாங்கில் சிக்கல் குறைவு: தீவு என்றால் பினாங்கு மாநகர் மன்றம், பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம் பக்கம் என்றால் செபராங் பிறை மாநகர் மன்றம். சந்தேகம் வந்தால் சுக்காய் பிந்து எனும் வீட்டு வரி பில்லை எடுத்துப் பாருங்கள். வரி வாங்குகிறவர்தான் அனுமதியும் தருகிறவர்.

இரண்டு ஊருக்கும் அடிப்படை ஒன்றே. 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டம், அதாவது 133ஆம் சட்டம். அதன் 70ஆம் பிரிவு, மன்றத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் கட்டவோ மாற்றிக் கட்டவோ கூடாது என்கிறது. 72ஆம் பிரிவு, அப்படிக் கட்டியதை இடிக்கவும் மாற்றியதைப் பழைய நிலைக்குக் கொண்டுவரவும் வழி செய்கிறது. அந்தச் சட்டத்தின் கீழ் வந்தவைதான் சீரான கட்டடத் துணைவிதிகள். எல்லாரும் யூபிபிஎல் என்றே சொல்வார்கள். 1984இல் வந்தவை, கோலாலம்பூருக்கு 1985இல் தனிப் பதிப்பு. திட்டமிடல் சட்டம் மட்டும் வேறு: பினாங்குக்கு 172ஆம் சட்டம், கோலாலம்பூருக்கு 267ஆம் சட்டம். வீட்டு உரிமையாளருக்கு இதனால் பெரிய வேறுபாடு இல்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: பினாங்கில் இருக்கும் மச்சான் நிரப்பிய பாரத்தை அப்படியே பார்த்து எழுதி டிபிகேஎல் முகப்பிடத்தில் நீட்டாதீர்கள்.

படி 2: வேலையை இரண்டாகப் பிரியுங்கள்

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம், கட்டடத்தைத் தொடாத வேலைகள்: இருக்கிற சிலிங்குக்கு மேலே ராக்வூல் எனும் பாறைக் கம்பளிப் பஞ்சை விரிப்பது, ஓட்டுக்கு அடியில் உள்ளிருந்தே ஃபாயில் எனும் பளபளக்கும் தாளைக் கட்டுவது, பழைய ஏர்கோனைக் கழற்றிப் புதியதை அதே இடத்தில் மாட்டுவது, எல்இடி விளக்கு, காற்றாடி, ஜன்னல் இடுக்கு அடைப்பது. தனி நில வீட்டில் இவை பராமரிப்பு வேலை போலத்தான்.

வலது பக்கம்: ஓட்டை எடுத்துவிட்டுத் தகரக் கூரை போடுவது, கூரையை உயர்த்துவது, சிலிங்கை இறக்குவது, ஜன்னலை அடைப்பது அல்லது பெரிதாக்குவது, நடுவீட்டு ஏர்வெல்லை, அதாவது வெளிச்சமும் காற்றும் வர மேலே திறந்து விட்ட இடத்தை, மூடுவது, கார் நிறுத்துமிடத்துக்குப் புதுக் கூரை, கூரைமேல் வெந்நீர்த் தொட்டி. இவற்றில் சிலவற்றுக்குச் சிறு வேலை அனுமதி போதும். மலாயில் பெர்மிட் கெர்ஜா கெச்சில் என்பார்கள். அமைப்பைத் தொடுகிற வேலைக்குப் பிளான் போட வேண்டும். பிளான் என்றால் பதிவு பெற்ற கட்டடக் கலைஞரோ, பொறியாளரோ, மலேசியக் கட்டடக் கலைஞர் வாரியத்தில் பதிந்த பிளான் வரைபவரோ கையெழுத்திட்டு, ஓஎஸ்சி எனும் ஒரே முகப்பிடம் வழியாக அனுப்ப வேண்டும். சின்ன வீட்டு வேலைக்குப் பதிவு பெற்ற பிளான் வரைபவரே போதும், செலவும் குறைவு.

எந்தப் பக்கம் என்று தெரியாத வேலை ஒன்றிரண்டு மிஞ்சும். கைப்பேசியில் நான்கு படம் எடுத்து, கையால் ஒரு வரைபடம் போட்டு, மன்றத்தின் கட்டடப் பிரிவு முகப்பிடத்துக்குக் காலையிலேயே போய்க் கேளுங்கள். கிடைக்கும் பதிலை மின்னஞ்சலில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். “அந்த ஆபீசர் பரவாயில்லை என்றார்” என்பது அவர் வேறு பிரிவுக்கு மாறிய மறுநாளே செல்லாது.

படி 3: கூரைக்குச் சட்டம் கேட்கும் கணக்கு

யூபிபிஎல்லில் 38ஏ என்றொரு துணைவிதி பின்னர் சேர்க்கப்பட்டது. அதன் பெரும்பகுதி பெரிய கட்டடங்களுக்கானது. ஏர்கோன் போட்ட இடம் 4,000 சதுர மீட்டருக்கு மேல் இருக்கும் அலுவலகங்களும் பேரங்காடிகளும் எம்எஸ் 1525 எனும் மலேசிய எரிசக்திச் சிக்கனத் தரத்துக்கு வர வேண்டும் என்கிறது. அதைப் படித்துவிட்டு, நமக்கு இல்லை என்று பலர் மூடி வைத்துவிடுகிறார்கள். ஆனால் கூரை பற்றிய பகுதி வீடுகளுக்கும் சேர்த்துத்தான். ஒரு சதுர மீட்டர் 50 கிலோவுக்குக் குறைவான இலேசான கூரை என்றால் அதன் யூ-மதிப்பு 0.4ஐத் தாண்டக் கூடாது. அதைவிடக் கனமான கூரைக்கு 0.6. வேறு நிழலோ குளிர்ச்சி வழியோ இருந்தால் விலக்கு உண்டு.

யூ-மதிப்பு என்றால் வெப்பம் எவ்வளவு எளிதாக உள்ளே வருகிறது என்பதன் அளவு. எண் சிறிதானால் நல்லது. அதைத் தலைகீழாக்கினால் ஆர்-மதிப்பு, தடுக்கும் வலிமை. 1ஐ 0.4ஆல் வகுத்தால் 2.5. ஆக, இலேசான கூரையின் எல்லா அடுக்குகளும் சேர்ந்து ஆர் 2.5 தர வேண்டும்.

இப்போது உங்கள் வீட்டைப் பாருங்கள். ஓடு, அதற்கடியில் வெற்றிடம், 12 மில்லிமீட்டர் ஜிப்சம் சிலிங், அவ்வளவுதான் என்றால் எல்லாம் கூட்டியும் ஆர் ஏறக்குறைய அரைதான் வரும். யூ-மதிப்பு 2 அளவில் நிற்கும். சட்டம் கேட்பதைப் போல ஐந்து மடங்கு. மேல்மாடி ஏன் அடுப்பு மாதிரி இருக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ராக்வூலின் வெப்பக் கடத்துதிறன் 0.04 என்று வைத்தால், 100 மில்லிமீட்டர் கனத்துக்கு ஆர் 2.5. அது ஒன்றே கணக்கை முடித்துவிடும். 50 மில்லிமீட்டர் என்றால் 1.25, மீதியை ஃபாயிலும் அதற்கடியில் இருக்கும் காற்று இடைவெளியும் தர வேண்டும். தரும், ஆனால் இரண்டு நிபந்தனை. பளபளக்கும் பக்கத்துக்கு எதிரே குறைந்தது 25 மில்லிமீட்டர் காலி இடம் வேண்டும். பஞ்சின் மேல் ஃபாயிலை ஒட்டிவிட்டால் அது வெறும் தாள். அடுத்து, பளபளப்பு கீழே பார்த்து இருக்கட்டும். மேலே பார்த்தால் ஓரிரு ஆண்டில் தூசி படிந்து மங்கிவிடும், அப்புறம் அது வெப்பத்தைத் திருப்பி அனுப்பாது. “இது 97 விழுக்காடு வெப்பத்தைத் தடுக்கும்” என்று கடையில் சொல்வார்கள். அது ஃபாயில் முகம் கதிர்வீச்சைத் திருப்பும் அளவு. கூரை முழுவதன் கணக்கு வேறு. அந்த விழுக்காட்டைக் கேட்காதீர்கள், ஆர்-மதிப்பு எழுதிய தரவுத் தாளையும், எம்எஸ் 2095 தரத்துக்குச் சோதித்த சான்றையும் கேளுங்கள்.

பழைய வீட்டுக்காரர்கள் பதற வேண்டாம். நீங்கள் எதையும் கட்டவில்லை என்றால் யாரும் வந்து கூரையை அளக்கப் போவதில்லை. புதுக் கூரைக்கோ வீட்டை நீட்டிக்கவோ பிளான் போடும்போதுதான் அந்தப் புதுப் பகுதி இந்தக் கணக்கில் தேற வேண்டும். பின்கட்டு சமையலறைக்குத் தகரக் கூரை போடுகிறவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். இன்னும் நன்றாகச் செய்ய விரும்பினால் குடியிருப்புகளுக்கென்றே 2017இல் வந்த எம்எஸ் 2680 இருக்கிறது. நிழல், காற்றோட்டம், விளக்கு எல்லாம் அதில் உண்டு.

படி 4: வேலை நடக்கும்போது உடைபடும் மற்ற விதிகள்

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். மேல்மாடியில் பழைய சிலிங்கை விட்டுவிட்டு அதற்கடியில் புதுச் சிலிங் கட்டி, நடுவில் பஞ்சு வைத்தால் வேலை சுலபம் என்றார் கொன்ட்ராக்டர். எனக்கும் சரி என்று பட்டது. சிலிங் சட்டகம் எல்லாம் கட்டி முடிந்து பலகை அடிக்கப் போகும்போதுதான் அக்காவின் மகன் அளவுநாடாவை எடுத்தான். “மாமா, 2.36தான் இருக்கு.” யூபிபிஎல் 44ஆவது துணைவிதிப்படி வரவேற்பறைக்கும் படுக்கையறைக்கும் சிலிங் உயரம் குறைந்தது 2.5 மீட்டர் வேண்டும், சமையலறைக்கு 2.25. கட்டிய சட்டகத்தைக் கழற்றி, மேலே ஏறிப் பழைய சிலிங்கின் மேலேயே பஞ்சை விரித்தோம். கூலி இரண்டு தடவை. தப்பு அவருடையது மட்டுமில்லை, நானும் அளக்கவில்லை.

அடுத்தது ஜன்னல். ஏர்கோன் குளிர் வெளியே போகக் கூடாது என்று துவாரக் கற்களை அடைப்பதும், லூவர் கண்ணாடியை எடுத்துவிட்டுத் திறக்காத கண்ணாடி போடுவதும் வழக்கம். 39ஆவது துணைவிதி, குடியிருப்பு அறையின் ஜன்னல் பரப்பு தரைப்பரப்பில் 10 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது, காற்று தடையில்லாமல் போய்வரும் திறப்பு 5 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்கிறது. 12 சதுர மீட்டர் அறை என்றால் 1.2 சதுர மீட்டர் ஜன்னல், அதில் 0.6 திறக்க வேண்டும். அளந்து பார்த்து அடையுங்கள். ஏர்வெல்லுக்குப் பாலிகார்பனேட் போட்டு மூடுவதும் இதே வகை. மழை உள்ளே வருகிறது என்பது நியாயமான குறைதான், ஆனால் அந்த ஏர்வெல்லை நம்பித்தான் நடு அறைக்கு ஜன்னல் வைத்திருப்பார்கள். மூடியே ஆக வேண்டும் என்றால் பக்கவாட்டில் காற்று போகும்படி உயர்த்திப் போடுவதாக வரைந்து அனுமதி கேளுங்கள்.

தேரஸ் வீட்டில் இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர் வெறும் எல்லை அல்ல, நெருப்புத் தடுப்பு. 86ஆவது துணைவிதி அதற்கு 200 மில்லிமீட்டர் கனம் கேட்கிறது; கூரைக்கு மேலே 225 மில்லிமீட்டர் எழும்பி நிற்க வேண்டும் என்கிறது. புதுக் கூரை போடுகிறவர்கள், தகரம் சீராக ஓட வேண்டும் என்று அந்த மேட்டைத் தட்டிவிடுவார்கள். விடாதீர்கள். இதே காரணத்தால் எனக்கு நுரை வகைகளைவிட ராக்வூல்தான் பிடிக்கும். அது எரியாது. பிஸ்கட் மாதிரி வெட்டிய பாலிஸ்டைரீனை சிலிங்குக்கு மேலே அடுக்குவது விலைக்கு நல்லது, பக்கத்து வீட்டில் தீபாவளி விளக்கு ஒன்று சாய்ந்தால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள்.

பஞ்சுக்கடியில் புதையும் வயர்கள் சூட்டை வெளியே விட முடியாது. பழைய வயராக இருந்தால் முதலில் வயர்மேனிடம் காட்டுங்கள். பதித்த விளக்குகளைச் சுற்றி இடம் விடுங்கள். மேலே தண்ணீர்த் தொட்டி இருக்கும் வீட்டில் அதற்குப் போகும் வழியை அடைத்துவிடாதீர்கள். மிதவை வால்வு கெடும் நாளில்தான் இது ஞாபகம் வரும்.

படி 5: பழைய சிலிங் பலகையா? நிறுத்துங்கள்

பழைய வீடுகளின் சிலிங் பலகையிலும் அலைத்தகட்டுக் கூரையிலும் கல்நார் இருக்க வாய்ப்பு உண்டு. ஆஸ்பெஸ்டாஸ் என்றால்தான் பலருக்குப் புரியும். முழுதாகக் கிடக்கும் வரை அது பெரிய ஆபத்தில்லை. துளை போட்டாலோ, அறுத்தாலோ, சுத்தியலால் தட்டினாலோ கண்ணுக்குத் தெரியாத நார் பறக்கும். நுரையீரலில் போய் உட்கார்ந்தது வெளியே வராது. 2005ஆம் ஆண்டு திட்டமிட்ட கழிவு விதிகளில் கல்நார்த் தூசியும் நாரும் எஸ்டபிள்யூ 201 என்ற பட்டியலில் வருகின்றன. ஆகவே மற்ற குப்பையோடு ரோரோ எனும் வாடகைக் குப்பைத் தொட்டியில் வீசக் கூடாது. வேலைக்கு முன் ஒரு துண்டைச் சோதனைக்கு அனுப்புங்கள். இருக்கிறது என்று வந்தால், கழற்றாமல் அதன் மேலேயே பஞ்சை மெல்ல விரிக்க முடியுமா என்று தெரிந்தவரிடம் கேளுங்கள். பல நேரம் அதுதான் மலிவும் பாதுகாப்பும்.

படி 6: கொண்டோ, ஃபிளாட்

இங்கே மன்றத்துக்கு முன்னால் இன்னொருவர் உட்கார்ந்திருக்கிறார்: நிர்வாகக் குழு. அடுக்குமாடிகளுக்கான 2013ஆம் ஆண்டு ஸ்திராத்தா நிர்வாகச் சட்டம் 757, அதன்கீழ் வந்த 2015 விதிகள் இரண்டும் சேர்ந்து, புதுப்பிப்பு வேலைக்கு நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் முன்கூட்டியே வேண்டும் என்கின்றன. மொட்டைமாடியும் கூரையும் வெளிச்சுவரும் பொதுச் சொத்து. கடைசி மாடிக்காரர் வெயில் தாங்காமல் தானே ஆள் வைத்துக் கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடிக்க முடியாது. ஆண்டுக் கூட்டத்தில் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும். கண்ணாடிக்கு டிண்ட் ஒட்டுவது உள்வேலை போலத் தெரிந்தாலும் வெளியிலிருந்து நிறம் மாறினால் கடிதம் வரும். ஏர்கோன் வெளிப்பெட்டியை அதற்கென்று விட்ட மேடையில்தான் வைக்க வேண்டும். வேலை நேரம், முன்வைப்புத் தொகை, லிஃப்டுக்குப் பலகை கட்டுவது எல்லாம் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒவ்வொரு மாதிரி.

படி 7: ஜார்ஜ் டவுன் கடைவீடுகள்

லெபோ பாசார், லெபோ குயின் பக்கம் சொந்தக் கடைவீடு வைத்திருப்பவர்களுக்குத் தனிக் கதை. 2008 ஜூலை 7ஆம் தேதி யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பகுதி இது: 109.38 ஹெக்டர் மையப்பகுதி, சுற்றிலும் 150.04 ஹெக்டர் காப்புப்பகுதி. 2016இல் அரசிதழில் வந்த சிறப்புப் பகுதித் திட்டம் கட்டடங்களை வகை பிரித்து வைத்திருக்கிறது. உங்கள் வீடு எந்த வகை என்று மன்றத்தின் பாரம்பரியப் பிரிவில் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ஓர் ஓட்டைக்கூடக் கழற்றாதீர்கள். களிமண் ஓட்டை எடுத்துவிட்டுத் தகரம் போடுவதோ, தெருவிலிருந்து தெரியும் இடத்தில் சோலார் பலகை வைப்பதோ எளிதில் நடக்காது.

எனக்குக் கேட்டால் நடக்கவும் வேண்டாம். அந்த வீடுகள் வெப்பத்தைத் தாங்கக் கட்டப்பட்டவைதான். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுத்து வெளியே விடும். உயரமான கூரை, நடுவில் ஏர்வெல், மேலே துவாரங்கள். சுவருக்குச் சிமெண்டும் பிளாஸ்டிக் பெயிண்டும் அடித்து அதன் மூச்சை அடைத்ததில்தான் பாதி வீடுகள் உப்புப் பூத்து நிற்கின்றன. இங்கே செய்யத் தகுந்தது, ஓட்டின் வெளித்தோற்றத்தைத் தொடாமல் உள்ளே கைமரத்துக்கு அடியில் காற்று இடைவெளி விட்டு வெப்பத்தடை வைப்பது. அதையும் வரைந்து காட்டி ஒப்புதல் வாங்குங்கள்.

படி 8: மின்சாரம், ஏர்கோன், சோலார்

பஞ்சு வைத்து ஒரு மாதம் இருந்து பார்த்துவிட்டு ஏர்கோன் வாங்குங்கள். முன்பு இரண்டு குதிரைத்திறன் கேட்ட அறைக்கு ஒன்றரை போதுமானதாக இருக்கும். எரிசக்தி ஆணையத்தின் நட்சத்திரச் சீட்டைப் பாருங்கள். 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டம் 861 வீட்டுக்காரரைத் தொடுவது பெரும்பாலும் இந்தச் சீட்டின் வழியாகத்தான். 2025 ஜூலையில் மாறிய மின்கட்டண அமைப்பில் மாதம் 1,000 யூனிட் வரை செலவழிப்பவருக்குத் திறன் ஊக்கக் கழிவு உண்டு, 600 யூனிட்டுக்குள் இருந்தால் 10 வெள்ளி சில்லறைக் கட்டணம் இல்லை. கொஞ்சம் குறைத்தாலும் பில்லில் தெரியும்.

புது மின்சுற்று இழுத்தால் பதிவு பெற்ற வயர்மேன் செய்து, மேற்பார்வை, நிறைவுச் சான்றான ஜி பாரமும் சோதனைச் சான்றான எச் பாரமும் கையெழுத்திட்டுத் தர வேண்டும். கடைவீட்டில் வெளிப்பெட்டியைக் கடை முன்னால் இருக்கும் ஐந்தடிப் பாதையில் இறக்கி வைக்காதீர்கள்.

சோலார் பழைய நெம் திட்டத்தில், அதாவது மிஞ்சும் மின்சாரத்தை பில்லில் கழிக்கும் திட்டத்தில், இல்லை இப்போது. 2026 ஜனவரி முதல் அதற்குப் பதில் சோலார் ஆத்தாப் எனும் திட்டம் வந்துவிட்டது, ஆகவே மூன்று ஆண்டுக்கு முன்பு போட்ட பக்கத்து வீட்டு அங்கிளின் லாபக் கணக்கு உங்களுக்கு ஒத்துவராது. சேடா எனும் நிலைத்த எரிசக்தி மேம்பாட்டு ஆணையத்தில் பதிவு பெற்ற நிறுவனம் வழியாக விண்ணப்பம் போகும். மன்றத்தின் தேவை என்ன என்பதைத் தனியாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கூரைமேல் 300 லிட்டர் வெந்நீர்த் தொட்டி என்றால் தண்ணீரே 300 கிலோ. பழைய மரச்சட்டம் தாங்குமா என்று பொறியாளர் சொல்லட்டும், விற்பவர் சொல்ல வேண்டாம்.

படி 9: ஆள் பிடிப்பதும் காசு கொடுப்பதும்

கொன்ட்ராக்டருக்கு சிஐடிபி எனும் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியப் பதிவு இருக்கிறதா என்று அவர்கள் இணையத்தளத்திலேயே தேடிப் பார்க்கலாம். விலைச்சீட்டில் “இன்சுலேஷன், முழு வீடு” என்று ஒற்றை வரி எழுதித் தந்தால் திருப்பிக் கொடுங்கள். பொருள், கனம், ஆர்-மதிப்பு, சதுர அடி, அனுமதி யார் எடுப்பது, குப்பை யார் அகற்றுவது, எல்லாம் வரி வரியாக வேண்டும். அனுமதிக் கடிதம் கைக்கு வரும் வரை முன்பணம் கொடுக்காதீர்கள். “பெர்மிட் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் அண்ணே” என்கிறவரிடம், அப்படியானால் காசும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுங்கள். பிளான் போட்ட வேலை என்றால் முடிவில் சிசிசி எனும் நிறைவுச் சான்றைக் கையெழுத்திட்டவரே தர வேண்டும். வீட்டை விற்கும்போதோ வங்கிக்குப் போகும்போதோ அந்தத் தாள்தான் பேசும்.

கடைசித் தவணைக்கு முன், பிற்பகல் இரண்டு மணி வெயிலில், ஒரு டார்ச்சோடு நீங்களே சிலிங் வாசல் வழியாக மேலே எட்டிப் பாருங்கள். பஞ்சு மூலைவரை போயிருக்கிறதா, நடுவில் மட்டும் விரித்துவிட்டு ஓரத்தை விட்டிருக்கிறார்களா, ஃபாயில் எந்தப் பக்கம் பார்க்கிறது, எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, அப்புறம் காசைக் கொடுங்கள்.